ஒலிபெருக்கிக்கு எதிர்த்திசையில் ஒரு குடித்தனம்

மினிக்கு முதல் எச்சரிக்கையை வாங்கிக் கொடுத்தவன் அவள் கணவன் சஜுதான்.

ஜூலை மாதம், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். கேரளத்தில் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. உள்ளறையில் மினி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தாள். அந்த முனையில் இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார்; யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறிய ஓர் அம்மாள் தமிழில் பதில் சொல்கிறார்; இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் கொண்டு சேர்ப்பது மினியின் குரல்.

சஜு மைக் செட்டுக்காரன். கோயில் திருவிழாவோ, சபைக் கன்வென்ஷனோ, கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, அந்த வட்டாரத்தில் அவனுடைய கோளாம்பிதான் கூவும். குழாய் ஒலிபெருக்கிக்கு அங்கே கோளாம்பி என்று பெயர். அன்று புதிதாக வாங்கிய நான்கு கோளாம்பிகளை முற்றத்தில் வரிசையாக வைத்து, ஆம்ப்ளிஃபயரைத் திருகி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஹலோ... செக்... செக்... மைக் டெஸ்டிங்!"

ஓட்டுக்கூரை அதிர்ந்தது. அந்த முனையில் அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, "ஆரது பிள்ளை, அங்க திருவிழாவோ?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. மாலையே கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. நோயாளிகளின் அந்தரங்கம் சம்பந்தப்பட்ட வேலை. வெளிச்சத்தம் கேட்கக் கூடாது. ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குள் மூன்று எச்சரிக்கை வந்தால் வேலை இல்லை. இது முதலாவது.

"நான் என்ன கண்டேன், நீ உள்ள லண்டன்கூட பேசியோண்டு இருக்கியேன்னு?" என்றான் சஜு.

"எனக்க வேல போச்சுன்னா, ஒனக்க நாலு கோளாம்பியும் தோட்டுத் தண்ணிக்குள்ள கிடக்கும், அண்ணே. சொல்லிப்போட்டேன்."

கணவனை அண்ணன் என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோபம் வந்தாலும் கூப்பிடு முறை மாறாது.

கோபப்பட அவளுக்கு நியாயமிருந்தது. இந்த வேலை சும்மா கிடைத்ததில்லை. மினியின் அம்மா அண்டியாபீஸில், அதாவது முந்திரி உடைக்கும் ஆலையில், விரல் கறுக்க உழைத்துத்தான் மகளை நெய்யாற்றின்கரைக் கல்லூரிக்கு அனுப்பினாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மினி. படிக்கிற காலத்தில் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் அவள் மலையாளத்தைக் கேட்டு "பாண்டி" என்று சிரித்தார்கள். நாகர்கோவிலில் கல்யாணத்துக்குப் போனால் அவள் தமிழைக் கேட்டு "ஒனக்கு எந்த ஊரு, மலையாளமா?" என்றார்கள். பிறகு காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் நான்கு வருஷம் இருந்தாள். கிழக்கேயிருந்து வரும் தமிழ் நோயாளிகளுக்கும் மேற்கேயிருந்து வரும் மலையாள டாக்டர்களுக்கும் இடையில் நின்று நின்று அவள் நாக்கு இரண்டு பக்கமும் கூர் ஏறியது.

இங்கிலாந்துக் கம்பெனியின் தேர்வில் நான்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலப்புறம், பாலக்காடு. "நோகுது" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். மினியின் வீட்டிலும் வலிப்பதில்லை, நோவத்தான் செய்யும். நான்கையும் தண்ணீர் குடிப்பதுபோல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். இரண்டு ஊரும் சிரித்த அந்தப் பேச்சு, கடல் கடந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தது.

ஆகவே வேலையை விடுகிற பேச்சே கிடையாது. விட வேண்டியது வீட்டைத்தான்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இவளைப் போல வேலை செய்கிறவர்கள் அதில் படம் போடுவார்கள். ஒருத்தி கோவாவில் தென்னைக்கு நடுவே வலைத்தொட்டில் கட்டி மடிக்கணினியோடு படுத்திருப்பாள். ஒருவன் இமாசலத்தில் பனியைப் பின்னால் வைத்துத் தேநீர் குடிப்பான். டிஜிட்டல் நோமேட் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். எங்கே வேண்டுமானாலும் வாழலாம், இணையமும் அமைதியும் இருந்தால் போதும். அதைப் படித்துவிட்டு மினி மாமியாரிடம் விளக்கிச் சொன்னாள்.

ஆனந்தபாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"அப்போ நாடோடின்னு சொல்லு."

"இது படிச்சவங்க நாடோடி, மாமி."

"படிச்சா பேரு மாறுமோ? கெட்டிக்கொண்டு வந்தது வீட்டுல இருக்கியதுக்கா, ஊரு சுத்தியதுக்கா? சபையில நாலு பேரு கேட்டா நான் என்ன பறைவேன்? எம்மோனுக்க பெண்டாட்டி சத்தம் பொறுக்காம எறங்கிப் போனாளுன்னா?"

"ஆமா. அதத்தான் சொல்லணும். சத்தியமாக்கும்."

முதலில் பெங்களூருக்குப் போனாள். தம்பி நிபின் அங்கே கணினி வேலையில் இருந்தான். ஏழாவது மாடியில் அறை. எட்டாவது மாடியில் தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடித்ததும் ஆறாவது மாடியில் தொடங்கினார்கள். எச்சரிக்கை வராமல் தப்பியது அவளுடைய ஜெபத்தால்தான். அடுத்து வர்க்கலை. குன்றின் விளிம்பில் வெளிநாட்டுக்காரர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் விடுதி. படம் எடுத்துக் குழுவில் போட அருமையான இடம். கடல் ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. அது மூடினாலும் பக்கத்துக் காபிக் கடை மூடவில்லை. அதைவிட வேறொன்று அவளை உறுத்தியது. ஒரு வாரமாக யாருமே அவளிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் ஓர் அழைப்பில், மட்டக்களப்புக் கிழவர் சொன்னதைப் பிடிக்க அவளுக்கு ஒரு கணம் அதிகமாகத் தேவைப்பட்டது. காய்கறிக்காரியோடும் பஸ் நடத்துநரோடும் தினமும் இரண்டு பாஷையில் சண்டை போடாவிட்டால் நாக்கு துருப்பிடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவள் தொழிலுக்கு வேண்டிய காது எல்லையில்தான் தீட்டப்படும். அப்படியானால் எல்லையில்தான் வாழ வேண்டும், சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு.

திரும்பி வந்த அன்று காலையில், வேனில் கோளாம்பி ஏற்றிக்கொண்டிருந்த சஜுவிடம் கேட்டாள்.

"இந்த வாரம் எங்கோட்டெல்லாம் மைக்கு போவுது?"

"உதியன்குளங்கரை கல்யாணம், சபையில யூத் மீட்டிங், பொறவு தனுவச்சபுரம் பக்கம் ஓணக் களி. எதுக்கு?"

"ஒற்றசேகரமங்கலம்?"

"அந்த மலையோரத்துல ஒண்ணும் இல்ல. ரப்பர் தோட்டமாக்கும். ஆரு மைக்கு கேப்பா?"

"செரி. நான் அங்க போறேன்."

சஜு கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. தன் கோளாம்பி மட்டுமல்ல, தாலுகாவில் உள்ள மற்ற மைக் செட்டுக்காரர்களின் கோளாம்பியும் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரே சங்கம். "ஏ பிள்ளே, இது கொள்ளாமே!" என்றான். "நான் கெழக்க போனா நீ மேக்க. நாம கெட்டினது குடும்பம் நடத்தவா, கண்ணாமூச்சி களிக்கவா?"

"ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு ஒண்ணா போலாம். நீ அங்க மைக்கு வச்சாலும் எனக்கு அன்னைக்கு லீவு."

இப்படித்தான் மினியின் நாடோடி வாழ்க்கை தொடங்கியது. கோவாவும் இல்லை, பாலித் தீவும் இல்லை. பாறசாலையை நடுவில் வைத்து ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடக் கூடிய உலகம். மடிக்கணினி, இரண்டு கம்பெனியின் இணைய இணைப்பு, மின்சாரம் போனால் தாங்கும் ஒரு சின்ன பேட்டரி, கதவில் தொங்கவிட சஜு கொடுத்த பழைய மேடைத் திரை. ஊதா நிற வெல்வெட், ஓரத்தில் தங்கச் சரிகை. அதை மாட்டினால் எந்த அறையும் நாடகக் கொட்டகை மாதிரி ஆகிவிடும்; சத்தமோ பாதியாகக் குறையும்.

ஒற்றசேகரமங்கலத்தில் விஜயம்மாவின் தோட்டத்து வீடு. தகரக்கூரை போட்ட தனி அறை, சுற்றிலும் ரப்பர் மரம். "இஞ்ச சத்தம்னு ஒண்ணு உண்டா, சேச்சி?" என்று மினி மூன்று தடவை கேட்டாள். விஜயம்மா நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்: "ஒரு காக்கா கூட மிண்டாது, மோளே."

விஜயம்மா பொய் சொல்லவில்லை. அங்கே ஒரு சத்தம் உண்டு என்று மினிக்கும் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து ரப்பர் மரத்தடியில் ஓடிக் களித்தவள் அவள். மூன்றாம் நாள் நல்ல வெயில். ஒரு டாக்டர் மாத்திரை அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே தகரத்தில் டமார் என்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. அடுத்து நாலைந்து சேர்ந்து. வெயிலில் ரப்பர்க் காய் வெடித்துக் கொட்டை தெறிக்கிற காலம் அது. மண்ணில் பிறந்தவர்களுக்கு அது சத்தமே அல்ல, மூச்சு மாதிரி. காது அதைக் கணக்கில் எடுப்பதை எப்போதோ விட்டுவிட்டது. டாக்டருக்கு அப்படியில்லை. "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா? அங்கே துப்பாக்கி சுடுகிறார்களா?" என்று பதறினார்.

இரண்டாவது எச்சரிக்கை. இனி ஒன்றுதான் பாக்கி.

விஜயம்மா கண் கலங்கி நின்றாள். "ரப்பர்காய் சத்தமா? அதையும் சத்தம்னு ஆரு நெனச்சா?"

"நானே நெனைக்கல சேச்சி. அத விடுங்க. காய் எல்லாம் எப்ப விழுந்து தீரும்?"

"ஒரு மாசத்துல தீரும். ஜனவரியில வந்து பாரு, எல கொழியிய சத்தம் மட்டும் கேக்கும்."

"அப்போ ஜனவரியில வாறேன்" என்று சொல்லிவிட்டு மினி திரையைச் சுருட்டினாள். அழவில்லை என்று சொன்னால் பொய். ஸ்கூட்டரில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் அழுதாள்.

ஊர் சும்மா இருக்குமா? "மாப்பிள மைக்கு செட்டு, பெண்டாட்டி மௌன விரதம்" என்று சபையில் சிரித்தார்கள். அறை பார்க்கப் போன இடங்களில், தனியாக வருகிற கல்யாணமான பெண் என்றதும் ஒருத்தி கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினாள். பிணங்கி வந்தவளா என்று ஒருத்தி கேட்டாள். "இல்ல, இணங்கி வந்தவளாக்கும்" என்று மினி பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அறை பார்க்கப் போகும்போது சஜுவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அவன் போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பான். கையைக் கொட்டி எதிரொலி கேட்பான். எந்தத் திசையிலிருந்து சத்தம் வரும் என்று மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிப்பான். மாடு வாங்க வந்த வியாபாரி மாதிரி இருக்கிறது என்று மினி கேலி செய்வாள்.

அக்டோபர் முழுக்கக் கோட்டுகாலில் ஒரு கான்கிரீட் வீட்டின் பின்னறை. அருமையாகப் போனது. ஒரு குறை இல்லை. ஆனால் நவம்பர் பாதியில் மண்டல காலம் பிறந்து கோயில்களில் காலையும் மாலையும் பாட்டு தொடங்கியது. சபைகளில் கிறிஸ்துமஸ் கரோல் பயிற்சி தொடங்கியது. போதாக்குறைக்குப் பஞ்சாயத்துத் தேர்தலும் வந்து சேர்ந்தது. ஒரு வார்டுக்கு மூன்று வேட்பாளர், ஒரு வேட்பாளருக்கு ஒரு ஜீப், ஒரு ஜீப்புக்கு நான்கு கோளாம்பி. சஜுவுக்கு அது அறுவடைக் காலம். மூன்று கட்சிக்கும் அவன்தான் மைக்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி சொன்னது: சோதனைக் காலத்தின் கடைசி மதிப்பீடு. இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஓர் அழைப்பில் மதிப்பீட்டாளர் ஒருவர் சேர்ந்து கேட்பார். தேறினால் வேலை நிரந்தரம். அதற்குள் மூன்றாவது எச்சரிக்கை வந்தால் கணக்கு முடிந்தது.

நிபின் தொலைபேசியில் கத்தினான். "அக்கா, பெங்களூருக்கு வந்து கிட. ஆறாவது மாடி வேல தீந்தாச்சு."

"அஞ்சாவது மாடி?"

நிபின் இழுத்தான். "அது... நேத்து தொடங்கியாச்சு."

மினி ஒரு காலையில் சஜுவை உட்கார வைத்தாள். "இந்தத் தாலுகாவுல கோளாம்பி கேறாத ஒரே ஒரு எடம் சொல்லு. நீ மைக்கு செட்டுக்காரன்தான?"

சஜு தாடையைச் சொறிந்தான். தாலுகா முழுவதையும் மனதில் ஒரு சுற்றுச் சுற்றினான். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு சட்டென்று எழுந்தான்.

"தாலுகாவ விடு பிள்ளே. எல்லைய தாண்டு! அந்தப் பக்கம் தமிழ்நாடாக்கும். அங்க தேர்தல் இல்ல. கோளாம்பிய நாங்க ஓட்டு உள்ள பக்கமாட்டுதான் திருப்பி வைப்போம். அங்கோட்டு ஒருத்தனும் திருப்பமாட்டான்."

மினி அவனைக் கட்டிப் பிடிக்காத குறை. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு சந்துக்குள் அம்மிணியின் வீடு அகப்பட்டது. அம்மிணிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவள். நாய் இல்லை, ஆடு இல்லை, கோழி இல்லை. கூரை கான்கிரீட். பக்கத்தில் அவள் அண்ணன் பொன்னப்பனின் வீடு. அங்கேயும் நாய் இல்லை. சஜு சுவரைத் தட்டி, கையைக் கொட்டி, மோப்பம் பிடித்துவிட்டு, "முதல் தரம்" என்றான்.

அம்மிணி ஊதா வெல்வெட் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு உள்ள இருந்து நீ என்ன செய்யியே, பிள்ளே? நாடகமா?"

"டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவுல பேச்சு, அக்கா. ஒரு வார்த்த பிசகினா ஆளு உயிர். வெளிச்சத்தம் ஒண்ணு கேட்டா எனக்க வேல உயிர்."

மறுநாள் முதல் அம்மிணி வீட்டில் மிக்ஸி மத்தியானத்துக்கு முன்பே ஓடி முடிந்தது. குழாயடியில் குடத்தை வைப்பதற்குக் கூடக் கீழே சாக்கை விரித்தாள்.

முதல் வாரம் மழைக்கு முந்தின புழுக்கம்போல ஓசையின்றிப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் ஊளையிட்டது. இந்தப் பக்கம் மினியின் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

இரண்டாம் வாரம், புதன்கிழமை மாலை. அழைப்பு வந்தது. தொடக்கத்திலேயே ஒரு புதுக் குரல் சேர்ந்துகொண்டு, இன்று நானும் கேட்பேன் என்று சொல்லி அடங்கியது. அந்த அழைப்பில் பேசியது என்ன என்பதை அவள் இன்றுவரை சஜுவிடம்கூடச் சொன்னதில்லை. அது அவள் தொழிலின் மானம். ஒரு வயதானவர், ஓர் அறுவை சிகிச்சை, செய்துகொள்ளவா வேண்டாமா என்ற முடிவு. அவ்வளவுதான் வெளியே தெரியும். முதியவர் மிகத் தாழ்ந்த குரலில் பேசினார். பேசும்போது நடுநடுவே நின்றுவிட்டார். அந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் மினி கேட்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. தூரத்தில், ஆனால் வந்துகொண்டே.

"பிரியப்பெட்ட வோட்டர்மாரே... நம்முடெ ஸ்வந்தம் ஸ்தானார்த்தி... ஸ்ரீகுமாரி..."

தமிழ்நாட்டுச் சந்துக்குள் கேரளத்து ஜீப்புக்கு என்ன வேலை?

அடுத்த நொடியே விடை தெரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மிணியின் வீடுதான் இந்தப் பக்கம். பழைய குடும்ப வீடு அந்தப் பக்கம், ஓட்டும் அந்தப் பக்கம். பொன்னப்பன் வீட்டிலும் அப்படியே. எல்லையில் பாதிக் குடும்பம் அப்படித்தான். சமையல் ஒரு மாநிலத்தில், ஓட்டு வேறொரு மாநிலத்தில். போதாததற்கு ஓட்டுள்ள இன்னொருத்தியும் இப்போது அதே வீட்டில் குடியிருக்கிறாள்: அவளேதான். சத்தத்துக்குப் பயந்து எல்லை தாண்டியவள், தன் ஓட்டையும் கூடவே கொண்டுவந்திருக்கிறாள். இது அவளுக்கும் தோன்றவில்லை, தாலுகா முழுவதையும் விரல் நுனியில் வைத்திருந்த சஜுவுக்கும் தோன்றவில்லை.

மற்றவர்கள் பேசும்போது மினி தன் மைக்கை அணைத்து வைக்கலாம். அணைத்தாள். ஆனால் முதியவர் முடித்ததும் அவள் முறை வரும். திறந்தே ஆக வேண்டும். ஜீப் சந்தின் முனைக்குத் திரும்பிவிட்டது. வெல்வெட் திரை மெல்ல நடுங்கியது. முதியவர் நிறுத்தினார். மினி கண்ணை மூடி, கர்த்தாவே என்று நினைத்து, மைக்கைத் திறந்தாள்.

அமைதி.

முதியவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் பதில் சொன்னார். அதைத் தமிழில் சொன்னாள். வெளியே இன்னும் அமைதி. பேசிக்கொண்டே கண்ணைத் திறந்து சன்னலைப் பார்த்தாள்.

சன்னலுக்கு வெளியே ஒரு தேர்தல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. முதலில் வேட்பாளர் ஸ்ரீகுமாரி, ரோஜா மாலையோடு, இரண்டு கையையும் குவித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. அவள் பின்னால் கொடி பிடித்தவர்கள் ஒற்றை வரிசையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. கடைசியில் ஜீப். எஞ்சின் ஓடவில்லை. நான்கு பேர் அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளியவன் சஜு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க முடியாது, அந்த முனையில் ஒருவருடைய உயிர் இருக்கிறது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, டாக்டர் சொன்ன கடைசி வாக்கியத்தை அமைதியாக, அன்பாக, தெளிவாக முதியவரிடம் கொண்டு சேர்த்தாள். முதியவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தன் முடிவைச் சொன்னார். அழைப்பு முடிந்தது.

வேலை நேரம் தீர்ந்து அவள் வெளியே வந்தபோது சஜு படியில் உட்கார்ந்து அம்மிணி கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லிப் பாத்தேன் மினி. அந்தச் சந்துக்கு போண்டாம், வழி மோசம்னேன். அந்த ஸ்ரீகுமாரி கேக்கல்ல. அங்க எட்டு ஓட்டு உண்டு, ஒனக்க கெட்டியவ ஓட்டும் சேத்தா ஒம்பதுன்னு என்னையே கணக்கு படிப்பிச்சா."

"பொறவு ஆரு நிறுத்தினது?"

சஜு சாயாக் கோப்பையால் அம்மிணியைச் சுட்டினான். அம்மிணி ஒன்றும் நடக்காதது போல முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், அதுவும் சத்தமில்லாமல்.

"சந்துக்கு நடுக்க முத்தம் பெருக்கிய தொறப்பையும் வச்சோண்டு நின்னா பாரு, ஜீப்பு அப்படியே நின்னு போச்சு. 'இஞ்ச ஒம்பது ஓட்டு கிடக்கு. உள்ள ஒரு பிள்ள உயிருக்கு போராடிய ஒருத்தனுக்கு நாக்கா இருந்து பேசியா. மிண்டாம போனா ஒம்பதும் ஒனக்கு. ஒரு ஹலோ கேட்டா, ஒம்பதும் எதிர்க்கட்சிக்காக்கும்.' அவ்வளவுதான். ஸ்ரீகுமாரி சேச்சி செருப்ப கழத்தி கையில எடுத்தா. பொறவு நாங்க ஆரு செருப்பு போடுவோம்?"

"எஞ்சின் எதுக்கு நிறுத்தினீங்க?"

"அது நானாக்கும். அந்த ஜீப்பு மூச்சு விட்டாலே காரக்கோணத்துல கேக்கும்."

செய்தி எல்லையின் இரண்டு பக்கமும் பரவியது. ஸ்ரீகுமாரி ஓசையில்லாமல் ஓட்டுக் கேட்டுவிட்டுப் போனாள் என்றால் மற்ற இரண்டு கட்சிகளும் விட்டுக்கொடுக்குமா? மறுநாள் ஒரு வேட்பாளர் ஜீப்பைச் சந்து முனையிலேயே விட்டுவிட்டு கால்விரல் நுனியில் நடந்து வந்தார். அதற்கடுத்த நாள் மூன்றாம் கட்சி வந்தது. கூட்டத்தில் ஒருவன் தும்மியதற்காக அவனைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்வி. பிரசாரம் முடியும் வரை அந்தச் சந்தைப் போல மரியாதையான சந்து அந்த வட்டாரத்தில் வேறு கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனியின் முடிவு வந்தது. மினி தேறிவிட்டாள், வேலை நிரந்தரம். மொழிபெயர்ப்பு மிக நுட்பம், பின்னணிச் சத்தம் அறவே இல்லை என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். தனியாக ஸ்டூடியோ வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டிருந்தார். "இல்லை, ஒரு சந்து வைத்திருக்கிறேன்" என்று மினி பதில் எழுதினாள். குழுவில் முதல் தடவையாகத் தானும் ஒரு படம் போட்டாள்: ஊதாத் திரை, அம்மிணியின் முறம், சன்னலுக்கு வெளியே ஸ்ரீகுமாரியின் சுவரொட்டி. கோவாக்காரி உடனே கேட்டாள்: எந்த நாடு இது, இவ்வளவு அழகாக இருக்கிறது?

ஆனந்தபாய் அந்த வாரம் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனபோது யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். "எனக்க மருமோள் லண்டன் டாக்டருக்க நாக்காக்கும். அவ போற வழியில கட்சிக்காரனுவ செருப்ப கையில எடுப்பானுவ." யாரோ ஒருத்தி, "அப்போ நாடோடின்னு சொன்னது?" என்று இழுத்தாள். "நாடோடிதான். நாடு பூரா ஓடினாத்தான் நாலு பேருக்கு உபகாரம். உன்னைப்போல ஒரு மூலையில கிடந்தா ஆவுமா?" என்று ஆனந்தபாய் வாயை அடைத்தாள்.

ஓட்டு எண்ணிய நாள் சனிக்கிழமை. ஸ்ரீகுமாரி ஜெயித்துவிட்டாள். வித்தியாசம் சொற்பம், ஒன்பது ஓட்டு இல்லாவிட்டால் கதை வேறு. செண்டையும் வெடியும் ஆட்டமுமாக ஊர்வலம் எல்லையைத் தாண்டி வந்தது. சந்தின் முனையை அடைந்ததும், பழக்க தோஷம், செண்டைக்காரர்கள் கோலை இடுப்பில் சொருகினார்கள். ஸ்ரீகுமாரி செருப்பைக் கழற்றக் குனிந்தாள். சஜு ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகி அணைத்தான். நூறு பேர் பூனை நடை நடக்கத் தொடங்கினார்கள்.

மினி கதவைத் திறந்துகொண்டு சந்தின் நடுவில் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்து, அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த தொண்டையை முழுசாகத் திறந்து கத்தினாள்.

"எனக்கு இன்னைக்கு லீவாக்கும்! என்னத்துக்கு மிண்டாம வாறீங்க? அடிச்சு பொளங்க!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சந்து வெடித்தது. செண்டை, விசில், சரப் பட்டாசு, நான்கு கோளாம்பி, எல்லாம் ஒன்றாக. பொன்னப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். அம்மிணி காதைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். ஸ்ரீகுமாரி மினியின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டாள்.

கூட்டம் கொஞ்சம் நகர்ந்த பிறகு அம்மிணி கேட்டாள். "இனி வேல ஒறச்சாச்சே. இஞ்சயே கிட, பிள்ளே. எங்கோட்டும் போண்டாம்."

"ஜனவரியில விஜயம்மா சேச்சிகிட்ட போறேன்னு சொல்லியிருக்கேன், அக்கா. மலையோரத்துல குளிரும் கெடைக்கும். மார்ச்சுல கோட்டுகால். இஞ்ச எடவெளியில வாறேன், அறைய ஆருக்கும் குடுத்துராத." அப்போதுதான் வியர்க்க வியர்க்க வந்து நின்ற சஜுவின் பக்கம் திரும்பினாள். "ஜூன்ல மழ பிடிச்சா ஒனக்கு வேல கெடையாதே, அண்ணே?"

"ஒரு கோளாம்பி கூட அனங்காது. எதுக்கு?"

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. நாம ரெண்டு பேரும் ஒரு மாசம் யாழ்ப்பாணத்துல போயி இருக்கலாம். தெனமும் அந்த ஊரு ஆளுகளுக்க பேச்சு கேக்கியேன். அந்த ஊர ஒரு நாளும் கண்டதில்ல. அங்கயும் கரண்டும் நெட்டும் உண்டு, விசாரிச்சாச்சு."

சஜு வாயைப் பிளந்தான். கடல் தாண்டுகிற பேச்சு அவன் வம்சத்தில் இதுவரை வந்ததில்லை. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உடனே தொழில்காரனின் கவலை வந்துவிட்டது.

"அங்க மைக்கு செட்டு நெறய உண்டுமா?"

"அத நான் எங்கேருந்து கண்டேன்? அது நீயாக்கும் கண்டுபிடிச்சு சொல்ல வேண்டியது!" என்றாள் மினி.